ஒற்றைக் கையுறை

சலவைக் கடையில் ஸ்டீம் குழாய் பிய்த்துக்கொண்டு புருஷனின் வலக்கை வெந்தபோது அவள் அழவில்லை. "கண்ணை எங்க வெச்சிருந்தீங்க?" என்று திட்டினாள். அந்தக் கடையில் அவர் இஸ்திரி, அவள் துவைப்பு. அங்கே அவளுக்கு இன்ஸ்பெக்டரம்மா என்று பெயர். காலரில் ஒரு சுருக்கம் இருந்தால் தேய்த்தவரைச் சும்மா விடமாட்டாள், கட்டின புருஷனாகவே இருந்தாலும்.

புண் ஆறியது. ஆறின இடத்தில் தழும்பு தடித்து எழுந்தது. அதை அமுக்கி வைக்க, விரல்களைக் கவ்விப் பிடிக்கும் கையுறை ஒன்றை ஆஸ்பத்திரியில் அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தார்கள்.

"குளிக்கிற நேரம் தவிர எப்பவும் போட்டிருக்கணும். விட்டா தழும்பு இழுத்து விரல் மடங்கிடும், அப்புறம் இஸ்திரிப் பெட்டியைத் தொட முடியாது," என்றார் பிசியோதெரபி அம்மா. "கையால அலசி நிழல்ல காயப் போடுங்க."

"துணியைப் பத்தி எங்களுக்கே சொல்றீங்களா?" என்று சிரித்தாள் இவள்.

அன்றிலிருந்து மனுஷன் நாய் படாத பாடு பட்டார். அரிப்பு பிடுங்கித் தின்றது. "கொஞ்ச நேரம் கழட்டிக்கிறேன்டி" என்றால், "கழட்டுங்க, கையையும் சேர்த்துக் கழட்டி வெச்சிடுங்க" என்பாள். தூக்கத்தில் உருவிவிடக் கூடாதென்று மணிக்கட்டில் நாடா போட்டுக் கட்டினாள். அவர் கெஞ்சுவது அவளுக்குப் பிடித்தும் இருந்தது, அதை மறைப்பானேன்.

ஒரே தொல்லை, இருந்தது ஒரே கையுறை. அலசினால் நிழலில் காய அரை நாள் ஆகும். அரை நாள் வெறுங்கையா? அவளிடமா நடக்கும்? அவர் குளித்து வருவதற்குள் ஈரத்தோடு பலகையில் விரித்துச் சுடச்சுட ஒரு தேய்ப்பு. மொடமொடவென்று கையில் மாட்டிவிடுவாள்.

"இப்பெல்லாம் அவ்வளவா இறுக்கலடி," என்றார் ஒரு நாள்.

"பார்த்தீங்களா, குணமாகுது. இதுக்கு எதுக்கு லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரி?" என்று, நடுவில் கையைக் காட்ட வரச் சொன்ன நாட்களையும் விட்டுவிட்டாள்.

தழும்பு கயிறாக முறுக்கேறி இரண்டு விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கின. அதற்கப்புறம்தான் போனார்கள். டாக்டர் பார்த்ததும் சீறினார்.

"போடவே இல்ல, அப்படித்தானே?"

"சத்தியமா போட்டேங்க."

"பொய் சொல்லாதீங்க. கையே சொல்லுது."

பக்கத்தில் நின்றவள் ஒரு வார்த்தை புருஷனுக்காகச் சொல்லியிருக்கலாம். "எனக்குத் தெரியாம கழட்டியிருப்பாருங்க. சொன்னா கேக்குற ஜென்மமா இது?" என்றாள். அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

பிசியோதெரபி அம்மா கையுறையை வாங்கி இழுத்தார். இழுத்தது இழுத்தபடியே நின்றது. துணியில் இஸ்திரிப் பெட்டி பட்ட பளபளப்பு.

"இதுக்கு யாரு இஸ்திரி போட்டது? சூடு பட்டா எலாஸ்டிக் செத்துடும். இத்தனை நாளா இவர் போட்டிருந்தது வெறும் துணி."

யாரும் அவளைத் திட்டவில்லை. ஆபரேஷன் பண்ணினாலும் பழைய பிடி வராது என்று மட்டும் சொல்லி, இப்போதைக்கு வேறொரு கையுறை கொடுத்து அனுப்பினார்கள். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் அதை அலசி, நிழலில் கொடி கட்டிப் போட்டாள். அவர் குளித்துவிட்டு வந்து, இடக்கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டினார். போட்டுவிடப் போனவளைத் தள்ளி நிறுத்தி, கொடியைக் காட்டினார்.

"சுருக்கமா இருக்கு பாரு. தேய்ச்சுக் குடு."