கருப்பும் செவலையும் நூற்றுப் பன்னிரண்டு வரிகளும்

நூற்றுப் பன்னிரண்டு வரிகள். அவற்றில் முப்பத்தெட்டு வரிகளில் ரத்தம் இருந்தது. பேசிக் என்னும் கம்ப்யூட்டர் மொழியில் ஒருவர் முதன்முதலாக எழுதிய விளையாட்டைத் திருத்த உட்கார்ந்தபோது நான் எண்ணிக்கையில்தான் தொடங்கினேன். எண்ணாமல் எதையும் தொட எனக்குப் பயம்.

எழுதியவர் கறிக்கடைக்காரர். வயது நாற்பத்தொன்று. தொண்ணூறுகளின் கடைசியில், கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கோவில்பட்டி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் நான் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினேன். நான்கு கம்ப்யூட்டர்கள், அவற்றில் ஒன்று எப்போதும் படுத்திருக்கும். சித்திரை வைகாசியில் கரிசல் தூசி உள்ளே நுழைந்து இன்னொன்றையும் படுக்கவைத்துவிடுமோ என்று ஒரு நாளைக்கு இரண்டு தடவை உறைகளை எடுத்துத் தட்டுவேன். அந்த அறைக்குள் காலையில் ஆட்டுக்கால் வெட்டிய கையோடு அவர் வருவார். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் விசைப்பலகையைத் தொடவேண்டும் என்று அவருக்கு மட்டும் ஒரு விதி வைத்திருந்தேன்.

அவர் படிக்க வந்த காரணம் தெருவுக்கே தெரியும், எனக்குத் தவிர. அந்தப் பொங்கலுக்கு நாகலாபுரம் பக்கம் ஒரு காட்டில் கள்ளத்தனமாகச் சேவற்கட்டு நடந்தது. இவருடைய கருப்புச் சேவலுக்கும், இவர் மனைவியின் அண்ணனுடைய செவலைக்கும் காலில் கத்தி கட்டி விட்டிருக்கிறார்கள். செவலைக்கு ஒரு கண் போயிற்று. கருப்புக்கு நெஞ்சு கிழிந்தது. இரண்டும் நின்றுகொண்டிருந்தபோதே போலீஸ் வந்துவிட்டது. ஓடிய கூட்டத்தின் காலில் மிதிபட்டு இரண்டு சேவல்களும் செத்தன. அந்த அண்ணனின் தொடையில் கருப்பின் கத்தி ஏறியது. சேற்றுக் காலோடு வீட்டுக்கு வந்தவரிடம், "எங்க அண்ணனுக்கு அடி கிடி பட்டுச்சா?" என்று மனைவி கேட்டிருக்கிறார். கேட்ட வாயில் அறைந்திருக்கிறார் இவர். முன்பல் ஒன்று விழுந்தது. அந்தப் பல்லைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த அம்மா ஓட்டப்பிடாரத்துக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்.

அதன்பிறகு வழக்கமான இழுபறி. புருஷன் போய்க் கூப்பிட்டால் புருஷன் தோற்றான். அண்ணன் கொண்டுவந்து விட்டால் அண்ணன் தோற்றான். சாதி சனம் உட்கார்ந்து பேசியும் யாரும் அசையவில்லை. கடைசியில் இரண்டு ஆண்களும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: அந்தச் சண்டையில் எந்தச் சேவல் ஜெயித்திருக்கும் என்று தெரிந்தால் போதும். கருப்பு ஜெயித்திருந்தால் அண்ணன் கொண்டுவந்து விடவேண்டும். செவலை என்றால் புருஷன் போய் அழைக்க வேண்டும். செத்த சேவல்களை மறுபடி மோதவிட முடியாது. கம்ப்யூட்டரில் மோதவிடலாம் என்பது கறிக்கடைக்காரரின் யோசனை. ஊரெல்லாம் கம்ப்யூட்டர் ஜாதகம் பார்த்துக் கல்யாணம் முடித்துக்கொண்டிருந்த காலம் என்பதால் மைத்துனரும் ஒப்புக்கொண்டாராம். எழுதி முடித்த பிறகுதான் இதை என்னிடம் சொன்னார்.

"பாத்துத் திருத்திக் குடுங்க சார். எழுத்துப் பிழை எதும் இருந்தா. மத்தபடி வேல செய்யுது. பதினேழு தடவ ஓட்டிட்டேன். பதினேழு தடவையும் கருப்புதான்."

அவர் முகத்தில் தீர்ப்பு வந்துவிட்ட நிம்மதி.

நான் வரிகளைப் பார்த்தேன். படம் கிடையாது, எழுத்து மட்டும்தான். இரண்டு சேவலுக்கும் உயிர் நூறு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து வரி வீதம் பத்தொன்பது சுற்றுகளைத் தனித்தனியாக எழுதியிருந்தார். சுற்றுக்கு இரண்டு ரத்தம். 'கண் பிதுங்கித் தொங்குது.' 'கொண்டையைப் பிச்சு எறிஞ்சிட்டு.' 'குடல் மண்ணில் இழுபடுது.' எல்லாம் ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. பிழை வேறு இடத்தில், மூன்று.

"சுற்ற பத்தொம்பது தடவ எழுத வேண்டாம். ஒரு தடவ எழுதித் திரும்பத் திரும்ப ஓட விட்டாப் போதும். இருபதாவது சுற்று வந்தா உம்ம விளையாட்டு பதில் சொல்லாமலே நின்னுபோவும்," என்றேன்.

"சரி சார். ரத்தத்தக் கொறச்சிராதிய."

"ரெண்டாவது. எல்லாச் சுற்றுலயும் கருப்புதான் முதல்ல கொத்துது. கொத்துன ஒடனே செவலை செத்துதான்னு பாக்குதீர். செத்துட்டா அதுக்குத் திருப்பிக் கொத்த வழியில்ல. இது எந்த ஊர்ச் சேவற்கட்டுவே? முறைவச்சா கொத்தும்?"

"நம்ம கருப்பு வேகம் சார். அதுதான் முதல்ல பாயும்."

"மூணாவதுதான் பெருசு. நீர் பதினேழு சண்ட பாக்கல. ஒரே சண்டயப் பதினேழு தடவ பார்த்திருக்கீர்."

அவருக்குப் புரியவில்லை. அடியின் பலத்தைக் கம்ப்யூட்டர் தானாக ஒரு எண் எடுத்து முடிவு செய்யும்படி எழுதியிருந்தார். ஆனால் அந்த எண்கள், கலைத்து அடுக்கி வைத்த சீட்டுக்கட்டு மாதிரி. கலைக்கச் சொல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் அதே கட்டு, அதே வரிசையில் வரும். முதல் அடி பன்னிரண்டு என்றால் நாளைக்கும் பன்னிரண்டு. கலைப்பதற்கு ஒரு வரி போடவேண்டும். அதை அவர் போடவில்லை. புத்தகத்தில் அந்தப் பக்கத்துக்கு அவர் வந்திருக்கவில்லை.

நான் சொல்லி முடித்ததும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சார், உண்மன்னா எத்தன தடவ கேட்டாலும் ஒரே மாதிரிதான சொல்லும்? மாத்தி மாத்திச் சொன்னாத்தான பொய்யி? ஸ்டேஷன்ல அப்படித்தான கண்டுபிடிக்காவ?"

விசைப்பலகையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பிறகு, "இதே புரோகிராமுல கருப்புங்கிற எடத்துல செவலைன்னு பேர மாத்தும், செவலை பதினேழு தடவ ஜெயிக்கும். அதும் உண்மையா?" என்றேன். மாற்றி ஓட்டியும் காட்டினேன். செவலை கருப்பின் குடலை மண்ணில் இழுத்தது. அவர் எழுந்து நின்றுவிட்டார். கழுத்து நரம்பு புடைத்தது. என்னை அடிப்பாரோ என்று நாற்காலியை அரை அடி பின்னால் தள்ளிக்கொண்டேன்.

"என் சேவலக் கொன்னுட்டியள சார்," என்றார் மெதுவாக.

திருத்தினேன். சுற்றை ஒன்றாக்கினேன். இரண்டும் ஒரே நேரத்தில் கொத்தும்படி, இரண்டு அடியையும் கழித்த பிறகே உயிரைப் பார்க்கும்படி வைத்தேன். சீட்டுக்கட்டைக் கலைக்கும் வரியைப் போட்டேன். ரத்தத்தைக் குறைக்கவில்லை, முப்பத்தெட்டில் திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கழித்துப் பன்னிரண்டாக்கி, மாறிமாறி வரச் செய்தேன். மொத்தம் முப்பத்தொரு வரி. நூறு தடவை ஓட்டினேன். கருப்பு நாற்பத்து நாலு, செவலை நாற்பத்திரண்டு. மீதிப் பதினாலில் இரண்டும் ஒரே சுற்றில் விழுந்தன.

"ரெண்டும் விழுந்தா யாருக்கு ஜெயம்? இப்பமே உம்ம மச்சான்கிட்டப் பேசி முடிவு பண்ணிரும்."

"அப்படில்லாம் நடக்காது சார்."

"நூத்துக்குப் பதினாலு தடவ நடந்திருக்கு."

"நம்ம ஒரு தடவதான ஓட்டப் போறோம்," என்றார். அதோடு விட்டுவிட்டார். நான் மட்டும், 'இரண்டும் விழுந்தன' என்று ஒரு வரி சேர்த்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மைத்துனர் இரண்டு ஆட்களோடு மாடி ஏறி வந்தார். கறிக்கடைக்காரரைவிட ஒரு சாண் கூடுதல் உயரம். ஆனால் நடக்கும்போது இடது தொடையை இழுத்தார். பொங்கலுக்குக் கத்தி ஏறிய தொடை. சட்டைப் பையிலிருந்து துணி சுற்றிய ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்தார். செவலையின் காலில் கட்டிய கத்தி. விரல் நீளம், சவரக்கத்திக் கூர்மை.

"இதையும் மிஷின்ல ஏத்துங்க. இந்தக் கத்திய மறந்துட்டுச் சண்ட போட்டா எப்படி?"

அடிமட்டக்கோலால் அளந்தேன். கருப்பின் கத்தி எவ்வளவு என்று கேட்டேன். "அதே அளவுதான் சார், ஒரே கொல்லன்ட்ட அடிச்சது," என்றார் கறிக்கடைக்காரர். ஒரே அளவென்றால் ஏற்ற வேண்டியதில்லை என்று சொன்னேன். கத்தி மேசையிலேயே கிடந்தது.

"அவன் அமுக்கப்படாது. நீங்க அமுக்குங்க சார்," என்றார் மைத்துனர். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு விசை தட்டவேண்டும். தட்டினேன்.

கருப்பு பதினெட்டு அடித்தது. "அடிச்சிட்டான் பாரு!" என்று கறிக்கடைக்காரர் தன் தொடையில் ஓங்கித் தட்டினார். செவலை கண்ணைப் பிடுங்கியது. வந்த ஆட்களில் ஒருவர் விசிலடித்தார். நான்காவது சுற்றில் யாருமே உட்கார்ந்திருக்கவில்லை. "ஏலே, கழுத்தப் பிடி! கழுத்தப் பிடிலே!" என்று எழுத்தைப் பார்த்துக் கத்தினார்கள். பச்சை எழுத்துகள் ஓடுவதைத் தவிர திரையில் எதுவும் இல்லை. ஆனால் எனக்கே மண்ணும் இறகும் மூக்கில் ஏறியது மாதிரி இருந்தது. என் விரலும் முதலில் தட்டியதைவிடப் பலமாகத் தட்டத் தொடங்கியிருந்தது. எட்டாவது சுற்றில் கருப்புக்கு ஒன்பது உயிர், செவலைக்கு ஐந்து. ஒன்பதாவது தட்டினேன்.

கருப்பு 0. அதன் கீழே, செவலை 0. அதன் கீழே, இரண்டும் விழுந்தன.

இருவரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள்.

"எது சார் முதல்ல விழுந்துச்சு?" மைத்துனர் கேட்டார்.

"ஒரே நேரத்துல."

"அதெப்படி ஒரே நேரத்துல விழும்? கருப்பு பேருதான மேல இருக்கு. அப்பம் அதுதான முதல்ல விழுந்துருக்கு?"

"மச்சான், கிறுக்குத்தனமாப் பேசாதிய. மேல இருக்கது நிக்கி. கீழ கெடக்கதுதான் விழுந்தது," என்றார் கறிக்கடைக்காரர்.

"ரெண்டு வரியில ஒண்ண முதல்ல எழுதித்தான ஆவணும்? அதுக்கு ஒரு அர்த்தமும் இல்லய்யா," என்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

"பொண்டாட்டியக் கூட்டிட்டு வர வக்கில்லாம டிவிப் பெட்டிகிட்டக் கேக்க வந்துட்டான், மாப்ளயாம் மாப்ள. பொட்டப்பிள்ள பல்லத் தட்டத்தான் ஒனக்குக் கை நீளும்!" என்றார் மைத்துனர்.

அதற்குக் கறிக்கடைக்காரரின் பதில் முக்காலியில் வந்தது. மைத்துனர் தலைக்கு மேல் தூக்கிய கையில் அது இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் மற்றக் கையால் விசைப்பலகையைக் கம்பியோடு பிடுங்கி மாப்பிள்ளையின் மண்டையில் அடித்தார். அடித்தார், மறுபடி அடித்தார். எழுத்துகள் தெறித்து என் மடியில் விழுந்தன. வந்த ஆட்கள் இருவரும் விலக்குவதற்குப் பதிலாக மாப்பிள்ளையின் கால்களில் ஆளுக்கொன்றைப் பிடித்து இழுத்தார்கள். மேசை சரிந்தது. கத்தியை யார் முதலில் எடுத்தார் என்று பிறகு போலீஸ் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் பார்த்தபோது அது மைத்துனர் கையில் இருந்தது. கறிக்கடைக்காரரின் கன்னம் காதிலிருந்து வாயோரம் வரை திறந்து, உள்ளே கடைவாய்ப் பல் தெரிந்தது. ரத்தம் திரையில் அடித்து, அந்த மூன்று வரிகளின் மேல் வழிந்தது. எனக்கு முதலில் தோன்றியது, உள்ளே இறங்கினால் கம்ப்யூட்டர் கெட்டுவிடுமே என்பதுதான். ஓடிப்போய் மெயினை அணைத்தேன்.

அரசு ஆஸ்பத்திரியில் கறிக்கடைக்காரருக்கு இருபத்திரண்டு தையல். மைத்துனருக்கு இரண்டு விரல்கள் முறிந்து மாவுக்கட்டு. விசாரிக்க வந்த காவலர், "யாருய்யா ஆரம்பிச்சது?" என்று கேட்டதற்கு, பேச முடிந்த மைத்துனர், "கம்ப்யூட்டர்" என்றார். தைத்த வாயோடு கறிக்கடைக்காரரும் தலையை ஆட்டினார். புகார் வேண்டாம், குடும்ப விவகாரம் என்று இருவரும் கைநாட்டும் கையெழுத்துமாக எழுதிக் கொடுத்தார்கள். அப்போதே ராசியாகிவிட்டார்கள் என்றுகூடச் சொல்லலாம். "சார் திருத்தாம விட்டிருந்தா ஒரு பக்கமாவது முடிஞ்சிருக்கும்," என்று மைத்துனர் சொன்னார். மாப்பிள்ளை கண்ணை மூடி அதையும் ஆமோதித்தார்.

மறுநாள் காலையில் அந்த அம்மா வந்தார். புருஷன் கட்டிலருகே நான் ஆரஞ்சுப் பழத்தோடு நின்றிருந்தேன். முன்பல் இல்லாத இடத்தை உதட்டால் மூடிக்கொண்டு, கன்னத்துக் கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தொடவில்லை.

"நீங்கதான் கம்ப்யூட்டர் சாரா?"

"ஆமாம்மா."

"அந்தப் பொட்டிக்குள்ள ரெண்டு சேவலும் இருந்துச்சாமே. நான் எங்கனயாவது இருந்தேனா?"

முப்பத்திரண்டு வரியையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். "இல்லம்மா."

"பின்ன என்ன எளவுக்கு என்னப் பத்தி அதுகிட்டக் கேட்டாவ?"

புருஷன் கட்டிலிலிருந்து கையை நீட்டி ஏதோ சொல்ல முயன்றார். கன்னத்துக் கட்டிலிருந்து ரத்தம் கசிந்தது. வாரேன், நானே வந்து கூட்டிட்டுப் போறேன் என்பது போல் எனக்குக் கேட்டது. தோற்றதாக அவரே ஒத்துக்கொண்ட மாதிரிதான்.

"கூட்டிட்டுப் போவ அங்கன யாரும் இருக்கமாட்டாவ," என்றார் அந்த அம்மா. வெந்நீர் வாங்கி ஒரு டம்ளரில் ஆற்றி, தலைமாட்டில் வைத்துவிட்டு வெளியே போனார்.

மிச்சத்தை மைத்துனரே பிறகு என்னிடம் சொன்னார். தங்கை ஆஸ்பத்திரிக்குப் போனது தெரிந்து, மாவுக்கட்டுக் கையோடு அவர் ஓட்டப்பிடாரம் நிறுத்தத்தில் காத்திருந்திருக்கிறார். மாப்பிள்ளைக்கு இவ்வளவு ஆனபிறகு, தானே கொண்டுபோய் விட்டுவிடுவோம் என்று அவரும் முடிவு செய்திருந்தாராம். பஸ் வந்தது. ஜன்னலோரத்தில் தங்கை இருந்தார். "ஏட்டி, எறங்கு," என்று இவர் கம்பியைத் தட்டியிருக்கிறார். அந்த அம்மா அண்ணன் கையிலிருந்த கட்டைப் பார்த்துவிட்டு, இறங்காமல், கண்டக்டரிடம் அதற்கும் அப்பால் புதியம்புத்தூருக்குச் சீட்டு வாங்கினார். அங்கே சட்டை தைக்கும் கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, உடன் வேலை பார்க்கும் இரண்டு பெண்களோடு ஒரே அறையில் இருந்தார்.