பரண் மேல் படித்த இங்கிலீஷ்

புதூர்நாட்டில் ஜீப் ஆள் நிறையக் காத்திருக்கிறது. எதிர் இருக்கையில் மல்லிகாவும் அவள் அப்பாவும். நர்ஸ் படிப்புக்கு இன்று மதியம் வேலூரில் நேர்காணல். கேள்வியெல்லாம் இங்கிலீஷில்தானாம். என் கையிலிருக்கும் இங்கிலீஷ் பேப்பரைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் கேட்டுப் பாருங்க சார்" என்கிறார் அப்பா.

நேற்று என்ன செய்தாய் என்று இங்கிலீஷில் கேட்கிறேன். மல்லிகா உள்ளங்கையைப் பாவாடையில் துடைக்கிறாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. மறுபடி கேட்டாலும் அப்படியேதான்.

"சாமக் காட்டுல பன்னி வெரட்ட, காவப் பரண் மேல நின்னு ராவெல்லாம் இங்கிலீஷ் வெர்புதான் கத்துவா சார்" என்கிறார் அப்பா. " ஆளப் பாத்தா தொண்ட அடச்சிக்குது."

டிரைவர் வண்டியைக் கிளப்புகிறார். மல்லிகா சட்டென்று கீழே குதிக்கிறாள்.

"இன்னாம்மா, வர்லியா?" என்று அவர் அதட்டுகிறார்.

அவள் எதிர்ச் சரிவைப் பார்த்துக் கைகளை வாயருகே குவிக்கிறாள். "கோ!"

அங்கே சாமை அறுக்கும் பெண்கள் நிமிர்கிறார்கள். "வெண்ட்!" என்று ஒரு குரல் வருகிறது. "கான்!" என்று இன்னொன்று. பக்கத்துப் பரண்களில் காவல் இருந்தவர்கள். ராவெல்லாம் கேட்டதில் அவர்களுக்கும் மனப்பாடம்.

மல்லிகா ஏறி உட்கார்ந்து என் முகத்தை நேராகப் பார்க்கிறாள். "ஐ வெண்ட் டு தி ஃபீல்ட், சார்!"

எதிர்மலைக்கு எட்டும் அதே கத்தல். என் காது அடைத்துக்கொள்கிறது. குரலைக் குறைக்கச் சொல்ல வாயெடுக்கிறேன்; சொல்லாமல் அடுத்த கேள்வியைக் கேட்கிறேன்.