மாநேயோ வெட்டிய கம்பளி

என் வீட்டு வாசலில் வெள்ளைக்கொடி ஏறினால் சோள பீர் தயார் என்று ஹா-ரபோலி மலை முழுக்கத் தெரியும். கொடியும் ஏறி, வானத்திலிருந்து நாலு பொட்டுப் பனியும் விழுந்துவிட்டால் போதும், கிழவர்கள் சண்டையை ஆரம்பித்துவிடுவார்கள். எந்த வருஷத்துப் பனி பெரிய பனி என்பதுதான் சண்டை. தன் குதிரை நின்றபடியே விறைத்துப்போன வருஷம்தான் என்பார் ஒருவர். ஹெலிகாப்டரில் வந்து மாவு மூட்டை போட்ட வருஷம்தான் என்பார் இன்னொருவர். அந்த மூட்டை தன் கூரையைப் பொத்துக்கொண்டு விழுந்ததையும் சொல்லாமல் விடமாட்டார். நான் பானையைக் கலக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் சொல்வேன்: "உங்க பனியெல்லாம் கெடக்கட்டும். மாநேயோ கம்பளிய வெட்டுனாளே, அதுதான்யா பனி." உடனே எல்லோரும் வாயை மூடிக்கொண்டு குடிப்பார்கள். ஆம்பளைகளுக்குப் பிடிக்காத கதை அது. அதனாலேயே வருஷம் தவறாமல் சொல்கிறேன்.

மாநேயோ எனக்கு அடுத்த வீடு. எங்கள் பக்கம் மருமகள் வந்து இறங்கியதுமே, பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஒரு பெயரை வைத்து, அவளை அந்தப் பிள்ளையின் அம்மா என்றே கூப்பிடுவார்கள். நேயோவின் அம்மா மாநேயோ. நேயோ பிறக்கவே இல்லை. பெயர் மட்டும் அவளோடு ஒட்டிக்கொண்டது. அவள் புருஷன் தபாங் எல்லை தாண்டிப் போய்த் தங்கச் சுரங்கத்தில் மண்ணைத் தின்று, சம்பாதித்ததையெல்லாம் ரோம ஆடுகளாக வாங்கி அனுப்பினான். கடைசியில் சுரங்கத்துப் புழுதி நெஞ்சில் இறங்கி, இருமிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தான். ஆட்டுப்பட்டியின் கல்சுவரில் சாய்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தபோதே போய்விட்டான். நல்ல மனுஷன். பீருக்குக் கடன் சொல்லாத ஒரே ஆம்பளை.

துக்கம் கழித்த அன்று, செத்தவன் துணிமணியைச் சொந்தக்காரர்கள் பங்கு வைக்க உட்கார்ந்தார்கள். தபாங்கின் தம்பி மொலெஃபே முதலில் தொண்டையைச் செருமினான்.

"அண்ணனோட கல்யாணக் கம்பளி எனக்கு. ஆடும் எனக்கு வர வேண்டியதுதான். அண்ணியும் நம்ம வீட்டுக்கே வந்துரட்டும். பொம்பள தனியா கெடந்து என்ன பண்ணுவாங்க?"

அவன் வீட்டில் ஏற்கெனவே ஒரு பெண்டாட்டி இருந்தாள். அங்கே போனால் மாநேயோ இரண்டாவது பெண்டாட்டியா, தண்ணீர் தூக்குகிற வேலைக்காரியா என்று கேட்க ஒரு நாதி இருக்காது. அப்படிக் கொழுந்தன் வீட்டுக்குப் போன விதவைகள் என்ன ஆனார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

மாநேயோ எழுந்து நின்றாள். குள்ளமான பொம்பள, நின்றாலும் உட்கார்ந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. "கம்பளி பொட்டியில இருக்கு. பொட்டி பூட்டியிருக்கு. சாவி என் இடுப்புல இருக்கு. நான் எங்கயும் வரல" என்றாள்.

பஞ்சாயத்து ஊர்த்தலைவரிடம் போனது. அவர் நல்லவர்தான், ஆனால் யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார். நீட்டி முழக்கி ஒரு வழி சொன்னார். குளிர்காலம் தாண்டி, ரோமம் கத்தரித்த பிறகு கூடுகிற கூட்டம் வரைக்கும் ஆடுகள் மாநேயோ கையில் இருக்கட்டும். மந்தை உயிரோடு நின்றால் அவள் வீடு தனி வீடு, ஆடும் அவளுடையது. மந்தை போய்விட்டால் மிச்சம் மீதி ஆட்டோடு அவளும் மொலெஃபே வீட்டுக்குப் போய்விட வேண்டும். கம்பளியைப் பற்றியும் அன்றைக்கே பேசிக்கொள்ளலாம்.

மொலெஃபே சிரித்தான். ஏன் சிரித்தான் என்றால், கல்யாணமான பொம்பள பட்டிக்குள் கால் வைக்கக் கூடாது. வைத்தால் சினை கலையும், மந்தை அழியும் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. உள்ளே போகாமல் ஆடு வளர்ப்பது எப்படி?

வளர்த்தாள். பிட்சோ என்று ஒரு மேய்ப்பனைக் கூலிக்கு வைத்துக்கொண்டு, அந்தக் குளிர் முழுக்கக் கல்சுவருக்கு வெளியே நின்றே வளர்த்தாள். அவள் கத்துகிற கத்தலில்தான் எனக்குத் தினமும் விடியும். "ஏய் பிட்சோ, அந்தக் கருங்காதி இருமுது பாரு, தனியாக் கட்டு. அந்தப் பக்கம் ஈரமா இருக்கு, வறட்டித்தூள் போடு. என்னத்த முழிக்கற, போடுய்யா." ஓடை கல்லாக உறைந்தது. வாளித் தண்ணீரைக் கோடாலியால் உடைத்தோம். அவள் ஆடுகளில் ஒன்றுகூடச் சாகவில்லை. மொலெஃபேயின் முகம்தான் வாரத்துக்கு வாரம் சுருங்கியது. எனக்கு அதைப் பார்க்கப் பரம திருப்தி.

எங்கள் மலையில் ஜூன், ஜூலைதான் கடுங்குளிர். ஆகஸ்ட் கடைசியில் பீச் மரங்கள் பூத்தன. பூத்துவிட்டால் குளிர் போய்விட்டது என்று கணக்கு. ஊரே ஆடுகளை ஓட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போய் ரோமம் கத்தரித்தது. அவளும் கத்தரித்தாள். சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து ஒரு கிண்ணம் பீர் வாங்கிக் குடித்து, "தாண்டிட்டேன்டி மாபலேசா" என்று சொல்லி அழுதாள். சந்தோஷத்தில் அழுகிற ஆள் இல்லை அவள். அன்றைக்கு அழுதாள்.

மறுநாள் மத்தியானம் தெற்கே வானம் கறுத்தது. முதலில் மழை. ரோமம் போன ஆடுகள் உரித்த கோழி மாதிரி நின்றன. அந்தத் தோலில் மழை இறங்கி முடித்த கையோடு காற்று திரும்பியது, பனி கொட்ட ஆரம்பித்தது. பீச் பூவெல்லாம் பனிக்குள் போனது. நான் எத்தனையோ குளிர் பார்த்தவள். வெளியே மூச்சு விட்டால் நெஞ்சு வலிக்கிற குளிரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிட்சோ என் வீட்டில் இருந்தான். கத்தரிப்புக் கூலியைக் குடித்துத் தீர்த்துவிட்டு, கால் எது கை எது என்று தெரியாமல் கிடந்தான். மாநேயோ உள்ளே வந்து அவனை ஒரு முறை பார்த்தாள். திட்டக்கூட நேரமில்லை என்று திரும்பி ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன்.

மொலெஃபே தன் ஆடுகளைத் தன் பட்டியில் அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். அவள் வழி மறித்தாள்.

"கொழுந்தனாரே, என் ஆட்ட வெளிய ஓட்டி விடுங்க. வீட்டுக்குள்ள கொண்டு போயிடறேன்."

"ஆட்ட வீட்டுக்குள்ளயா? நல்லாருக்கு கத. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் படுத்துக்கும் அண்ணி. காலைல பாத்துக்கலாம்."

"ஒட்டிப் படுக்கல, ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது. அடியில கெடக்கறது செத்துக்கிட்டிருக்கு. உள்ள போயி கெளப்பி விட்டாப் போதும்."

"எனக்குக் குளிருது அண்ணி" என்றான். சிரிப்பை மறைக்கக் கம்பளியை மூக்குவரை இழுத்துக்கொண்டான். "நீங்களும் நம்ம வீட்டுக்கு வந்துருங்க. அடுப்பு எரியுது."

மாநேயோ பட்டிப் பக்கம் திரும்பினாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு போய்விட்டது.

"அண்ணி, பொம்பள உள்ள போனா மந்தையே அழிஞ்சுரும்."

"அழிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. நான் போயி இன்னும் என்னத்த அழிக்கப் போறேன்?" என்று சொல்லிவிட்டு, பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு கேட்டைத் திறந்து உள்ளே போனாள். பனியில் அவள் காலடி பதிந்ததை நான் பார்த்தேன். மொலெஃபேயும் பார்த்தான். வானம் இடிந்து விழவில்லை.

அடியில் கிடந்தவற்றை இழுத்துத் தூக்கிச் சுவர் மேல் வைப்பாள், நான் வெளியே நின்று வாங்கிக்கொள்வேன். நடக்க முடிந்தவற்றைக் கேட் வழியாக விரட்டினாள். கட்டிலைத் தூக்கி வெளியே எறிந்தோம். அவளுடைய வட்ட வீட்டுக்குள் சுவரோடு சுவராக ஆடு. நடுவில் வறட்டி போட்டு மூட்டினோம். புகையில் கண் எரிந்தது, ஆட்டு மூத்திரத்தில் கால் ஊறியது. அப்படியும் ஈரத்தில் அடிபட்டவை நடுங்கிச் சாய்ந்தன. கருங்காதிக்குக் கண் செருகியது.

மாநேயோ இடுப்பில் கை விட்டுச் சாவியை எடுத்தாள். பெட்டியைத் திறந்தாள். கருஞ்சிவப்பில் சோளக்கதிர் போட்ட கம்பளி, மடிப்புக் கலையாமல் இருந்தது. கல்யாணத்தன்று அதைத் தோளில் போட்டுக்கொண்டு தபாங் நடந்தபோது தலைவரே எட்டிப் பார்த்தார். அவள் ஆட்டுக் கத்தரியை எடுத்தாள்.

நான் அவள் கையைப் பிடித்தேன். "அடியே, வேணாம்டி. அது தபாங்கோடது."

"தபாங் ஆட்டுக்காகத்தான் செத்தான். கம்பளிக்காக இல்ல" என்றாள். கம்பளி வெட்டுப்படுகிற சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவள் நிறுத்தவில்லை. கண்ணீர் மட்டும் மூக்கு நுனி வரை வந்து கத்தரி மேல் சொட்டியது. துண்டு துண்டாக வெட்டி, ஆட்டின் முதுகில் போட்டு, வயிற்றுக்கு அடியில் புல்கயிற்றால் கட்டினோம். கம்பளி தீர்ந்ததும் என் கம்பளியைக் கேட்டாள். கொடுத்தேன். அது பழசுதான்.

பனி விட்டபோது ஊரில் ஒப்பாரி. ஒவ்வொரு பட்டியிலும் குவியல் குவியலாக ஆடு. மொலெஃபேயின் பட்டியில் குவியலுக்கு மேலே ஏறி நின்ற ஒரே ஒரு குட்டி மட்டும் கத்திக்கொண்டிருந்தது. மாநேயோவுக்கும் சில போயின, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மந்தை நின்றது.

கூட்டம் நடந்த அன்று வெயில் இருந்தும் காற்று அறுத்தது. அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டே வந்தாள். முதுகில் கருஞ்சிவப்புத் துண்டு கட்டிய ஆடுகள் வரிசையாக வந்து நின்றதும் சிரித்தவர்கள் கொஞ்சம் பேர். பெரும்பாலான ஆம்பளைகள் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஓட்டிவர ஆடு இல்லை.

மொலெஃபே எழுந்தான். குரல் உடைந்திருந்தது. "பட்டிக்குள்ள போனாங்க. அண்ணன் கம்பளிய ஆட்டுக்குப் போத்துனாங்க. ஊருக்கு வந்த கேடு அதனாலதான்."

"பனி வந்தப்புறம்தான் நான் உள்ள போனேன்" என்றாள் மாநேயோ. "போறதுக்கு முன்னாடியே உங்க ஆடு செத்துக்கிட்டிருந்துச்சு. அதுக்கு எந்தப் பொம்பள காரணம்னு சொல்லுங்க."

தலைவர் நெடுநேரம் மூக்கைச் சிந்தினார். பிறகு, மந்தை நிற்கிறது, ஆடு அவளுடையது, வீடு தனி வீடு என்றார். என் பக்கம் நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். ஆனால் அவருக்கு இரண்டு பக்கமும் நல்லவராக இருக்க வேண்டுமே. கையை உயர்த்தி, "கம்பளி மட்டும் தம்பிக்குச் சேர வேண்டியது. அது முறை" என்றார்.

"எடுத்துக்கட்டும்" என்றாள் மாநேயோ. "இங்கதான் நிக்குது. கொழுந்தனாரே அவுத்துக்கட்டும். நான் தடுக்க மாட்டேன்."

மொலெஃபே நடந்து வந்தான். முதலில் நின்றது கருங்காதி. குனிந்து கயிற்று முடிச்சில் கை வைத்தான். ஆடு அவன் தொடையோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. முடிச்சு ஏற்கெனவே பாதி நழுவியிருந்தது, ஒரு இழுப்பு போதும். அவன் அப்படியே குனிந்திருந்தான். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கயிற்றை இழுத்து இறுக்கி இரட்டை முடிச்சாகப் போட்டுவிட்டு, முகத்தை யாருக்கும் காட்டாமல் திரும்பினான்.

"நில்லுங்க" என்றாள் அவள். மடியிலிருந்து ஒரு துண்டுக் கம்பளியை எடுத்தாள், கடைசித் துண்டு. "உங்ககிட்ட ஒரு குட்டி பொழச்சுக் கெடக்காமே. அதுக்குக் கட்டுங்க. உங்க அண்ணன் பங்கு உங்களுக்கு வந்துருச்சு."

அவன் வாங்கிக்கொண்டான். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

மாநேயோ ஆடுகளைத் திருப்பினாள். பட்டிக்கு வந்ததும் கேட்டைத் திறந்து, ஆடுகளுக்கு முன்னால் தானே உள்ளே போனாள். பின்னால் வந்த ஆம்பளைகள் கல்சுவருக்கு வெளியே நின்று பார்த்தார்கள். ஈரமாக இருந்த மூலையில் வறட்டித்தூள் போடச் சொல்ல அவளுக்கு இப்போது யாரும் தேவைப்படவில்லை, அவளே போட்டாள்.