இரண்டாம் லேபிள்

ஒயின் பாட்டிலை அண்ணன் என் கையில் கொடுத்தபோதே எனக்குச் சுருக்கென்றது. சிங்கப்பூரிலிருந்து எத்தனையோ தடவை வந்து போனவர், ஒரு பிஸ்கட் டப்பாகூடக் கொண்டுவந்ததில்லை. "ஆதாயமில்லாம செட்டி ஆத்தோட போவானா?" என்று என் காதில் போட்டுவிட்டு என் மனைவி காரைக்குடிக்குக் கடைக்குக் கிளம்பிவிட்டாள். காரணம் எங்கள் இருவருக்குமே தெரியும். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. அவருக்குப் பிறகு எங்கள் நகரத்தார் கோயில் கணக்கில் அவர் குடும்பம் என்று ஒன்று இருக்காது. கல்லூரியில் படிக்கும் என் இளையவனைத் தத்துக் கேட்க வந்திருந்தார்.

எங்களில் இதைப் பிள்ளை கூட்டுவது என்போம். நானே அப்படி வந்தவன்தான். நாச்சியாபுரத்தில் இந்த அண்ணனுக்கு அடுத்து இரண்டாவது மகனாகப் பிறந்தேன். ஏழு வயதில் கானாடுகாத்தானில் இந்த வீட்டுக்குக் கொடுத்தார்கள். இங்கே என் வயதுப் பையன் ஒருவன் காய்ச்சலில் போயிருந்தான். ஒற்றைப் பிள்ளை. அவனுக்குத் தாத்தா பெயர். தாத்தா பெயர் வீட்டில் நிற்க வேண்டுமே என்று அதையே எனக்கும் வைத்தார்கள். என் பழைய பெயர் அன்றோடு போயிற்று.

வந்த முதல் வாரம், புது ஆத்தா முற்றத்தில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் வாய் திறப்பதற்குள் பூட்டியிருந்த உள்ளறையிலிருந்து "என்னாத்தா?" என்று ஒரு குரல் வந்தது. ஆத்தா என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கதவைத்தான் பார்த்தார். அதைப் பற்றி நாங்கள் கடைசிவரை பேசிக்கொள்ளவே இல்லை. அதிலிருந்து யார் கூப்பிட்டாலும் ஒரு நொடி பொறுத்துத்தான் பதில் சொல்வேன். "செவிடாடா நீ?" என்று பள்ளிக்கூடத்தில் வாங்கிய குட்டுகள் கொஞ்சமில்லை.

இப்போது வீட்டின் முன்பாதியில் வெளிநாட்டு விருந்தாளிகள் தங்குகிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் புண்ணியத்தில் எனக்கும் ஒயின் கொஞ்சம் தெரியும். நல்ல ஒயினைத் திறந்ததும் குடித்துவிடக் கூடாது. ஒரு மணி நேரமாவது காற்றாட விட வேண்டும். வெளியே சித்திரை வெயில் கொளுத்தியது. வீட்டிலேயே குளுமையான இடம் அந்த உள்ளறைதான். கண்ணாடிக் குடுவையில் ஊற்றி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகுதான் உறைத்தது. செத்தவர்களுக்குப் படையல் வைத்தால்தான் இப்படிச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்போம். அட மடையா என்று என்னையே திட்டிக்கொண்டேன். எடுத்தால் அண்ணன் சிரிப்பாரே என்று விட்டுவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து எடுத்து வந்து இரண்டு கிளாஸில் ஊற்றினேன். நாவல்பழச் சாற்றின் நிறம். முதல் வாய் கடுக்காய்போல நாக்கை இழுத்துப் பிடித்தது. அப்புறம் மெல்லத் தளர்ந்து பழமாயிற்று, பழைய சுருட்டுப் பெட்டியாயிற்று, கடைசியில் அப்போதுதான் சீவிய பென்சிலின் வாடை வந்தது. பொய் சொல்லக் கூடாது, அபாரமான சரக்கு.

"மொத லேபிளுன்னா நமக்குக் கட்டுபடியாகாதுடா," என்றார் அண்ணன். "இது ரெண்டாம் லேபிளு. ஆனா இதுவும் அதே தோட்டம், அதே மண்ணு, அதே ஆளுக. எளங்கொடியில வெளஞ்சது, மொத லேபிளுக்குத் தோதுப்படாதது, எல்லாத்தையும் வேற பேரு போட்டு விக்கிறாக. கொறை ஒண்ணுமில்ல."

"கொறையில்லேன்னா எதுக்குண்ணே வேற பேரு?"

"சண்டைக்கு வராதடா. ஒன் எளையவனை எனக்குக் குடு. ஒன்னய இங்க குடுத்தாக, நீ என்ன கெட்டா போயிட்ட?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அன்னைக்கி என்னய விட்டுட்டுக் கார்ல ஏறுனீக. ஒரு தடவையாச்சும் திரும்பிப் பாத்தீகளா?"

அவர் கண் கலங்கியிருந்தது. என் தோளில் கைவைத்து, என் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஐம்பது வருடமாக யாரும் சொல்லாத பெயர். பழக்கதோஷம், நான் ஒரு நொடி பொறுத்தேன்.

"என்னண்ணே?"

உள்ளறையிலிருந்து வந்தது குரல். சின்னப் பையனின் குரல். செத்துப்போனவனாக இருக்க முடியாது, அவனுக்கு ஏது அண்ணன்? அழுது அழுது கம்மிப்போயிருந்த அந்தக் குரல் எனக்குத் தெரியும். இந்த வீட்டில் முதல் ராத்திரி முழுக்க நானே அழுது நானே கேட்டுக்கொண்டிருந்த குரல்.

அண்ணன் திரும்பிய வேகத்தில் ஒயின் வேட்டியில் கொட்டியது. "உள்ள யாருடா?"

"நீங்க விட்டுட்டுப் போன பயதாண்ணே."

அவர் எழுந்துவிட்டார். போயிட்டு வர்றேன் என்றுகூடச் சொல்லவில்லை. கார் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே வந்தால் முற்றமெங்கும் பென்சில் வாடை.

போனை எடுத்து இளையவனைக் கூப்பிட்டேன். உள்ளறைப் பக்கம் காதை வைத்துக்கொண்டு அவன் பெயரைச் சொன்னேன்.

"என்னப்பா?"

போனிலிருந்து மட்டும், ஒரே குரல்தான் வந்தது.

"ஒண்ணுமில்லடா, சும்மாதான்," என்றேன். சொல்லிவிட்டு அவன் பெயரை இன்னொரு தடவை சொன்னேன்.