நெட்டை என்கிற குட்டை

ஒரு முடிவால் பாதிக்கப்படுகிறவருக்கு அதன் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு. கேட்டதற்கு முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்கிறது ஏழாம் பிரிவு. 2005 அக்டோபரில் சட்டம் அமலுக்கு வந்தபோது மரக்காணம் பக்கம் அதை முழுதாகப் படித்தவன் அநேகமாக நான் ஒருவன்தான். வருவாய்த் துறையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு இருக்கிறது?

அந்த மழைக்காலத்தில் எங்கள் தெரு ஆக்டிங் டிரைவர் என்னைத் தேடி வந்தார். சொந்த வண்டி கிடையாது. யார் கூப்பிட்டாலும் அவர்கள் காரை அன்றைக்கு ஓட்டிக் கொடுப்பவர். ஆரோவில்லுக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்க சீசன் முழுக்க வேலை தருவதாகப் புதுச்சேரி டிராவல்ஸ்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை, காவல்துறையின் நன்னடத்தைச் சான்று. விண்ணப்பித்தார். 'அடிதடி வழக்கு நிலுவையில் உள்ளது' என்று பதில் வந்தது. டிராவல்ஸ்காரர் கையை விரித்துவிட்டார். உப்பளப் பாத்திகள் மழையில் குளமாகக் கிடந்ததால் அங்கேயும் கூலி வேலை இல்லை.

அவர் யாரையும் அடித்தவர் அல்ல. அடிக்க எட்டவும் எட்டாது. ஊரில் அவர் பெயர் குட்டை.

வழக்கு இன்னொருவருடையது. எங்கள் ஊரில் தலைப்பிள்ளைக்கு எல்லைச்சாமியின் பெயரை வைப்பார்கள். அப்பாவும் தலைப்பிள்ளையாக இருந்தால் இனிஷியலும் அதே சாமிதான். ஆகவே யாரையும் பெயரால் கூப்பிடுவதில்லை, பட்டப்பெயர்தான். வழக்கில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், நெட்டை. காவல் நிலையத்தில் பெயருக்குப் பின்னால், 'என்கிற' என்பதற்கு @ குறி போட்டு, பட்டப்பெயரை எழுதுவார்கள். அறிக்கை அனுப்பியவர் குறியையும் விட்டுவிட்டார், அதற்குப் பின்னால் இருந்த நெட்டையையும் விட்டுவிட்டார்.

நானும் டிரைவரும் நிலையத்துக்குப் போனோம். எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை. எழுத்து வேலை பார்க்கும் ஏட்டு, ரைட்டர் என்பார்கள், நிமிர்ந்து பார்த்தார்.

"பேரு அதே, இனிஷியல் அதே, ஊரு அதே. அப்புறம் என்னா சார்?"

"எதிரியோட பட்டப்பேரு என்ன?"

புரட்டினார். "நெட்டை."

டிரைவர் பக்கம் திரும்பி, "ஏம்பா, எழுந்து நில்லு" என்றேன்.

"நின்னுகினுதான் சார் இருக்கேன்."

ரைட்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து, "மேல அனுப்பியாச்சு சார். இனிமே நாங்க கை வெக்க முடியாது" என்றார்.

சேதி நெட்டையின் காதுக்குப் போனது. மறுநாள் அவரே வந்து நின்றார். "என் கேஸ இவன் ஏன் சார் தூக்கினு திரியணும்? நான் போய்ச் சொல்றேன்." போய்ச் சொல்லவும் சொன்னார். எதிரி தானாக வந்து 'அது நான்தான்' என்று சொல்ல நடைமுறை இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். உண்மைதான், இல்லை. நான் சரிபார்த்தேன்.

நடைமுறை இருக்கிற வழியில் நான் போனேன். டிரைவர் பெயரில் மேலிடத்துக்கு ஒரு தகவல் உரிமை மனு. கேள்வி ஒன்றே ஒன்று: அந்த வழக்கின் எதிரி யார், பட்டப்பெயருடன் தெரிவிக்கவும். நிறையக் கேட்டால் சுலபமானதற்குப் பதில் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். ஒன்றைக் கேட்டால் ஓட இடமில்லை.

முப்பது நாள் போயிற்று. பதில் இல்லை. டிரைவரின் மனைவி எனக்கும் கேட்கட்டும் என்றே கணவரிடம் சத்தமாகச் சொன்னார்: "நாலு பேர அடிச்சிட்டாவது வந்திருக்கலாம். சும்மாவே கேஸு வாங்கினு வந்து குந்தினுக்குற." பொங்கல் வரை பார்ப்பேன், அப்புறம் வேறு ஆள் என்று டிராவல்ஸ்காரர் சொல்லி அனுப்பினார்.

பத்தொன்பதாம் பிரிவின்படி மேல்முறையீடு எழுதினேன். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் அதிகாரியின் தலையில்தான் விழும் என்கிற இருபதாம் பிரிவையும் மிகுந்த மரியாதையோடு நினைவூட்டினேன். அலுவலகங்களில் மேசைக்கு மேசை ஓட்டமாக ஓடும் வாசகம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

பதில் பதிவுத் தபாலில் வந்தது. எதிரி நெட்டை என்பவர், மனுதாரர் வேறு நபர், முந்தைய அறிக்கை ரத்து, மனுதாரர் மீது வழக்கு எதுவும் இல்லை, சான்று இணைக்கப்பட்டுள்ளது. டிரைவர் அதை டீக்கடையில் நின்று உரக்கப் படித்தார். தன் பெயர் வந்த இடத்தில் நெட்டை எழுந்து கும்பிட்டார். கடையே கைதட்டியது. டிரைவர் டீயைக்கூடக் குடிக்காமல் புதுச்சேரி பஸ்ஸில் தொற்றி ஏறினார். அன்றைக்கு 2006ஆம் வருடத்துப் போகி.