லேபிள் இல்லாத பம்பு

பெட்ரோல் பங்கில் அவளுக்கு ‘லேபிள் அக்கா’ என்று பெயர். டேங்க் மூடிக்குள் ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் குழாயையே கையில் எடுப்பாள். “டீசல்னா எல்லாம் ஒண்ணுதானே?” என்று கேட்டவர்கள் அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். கந்தகம் குறைந்த டீசல் புது வண்டிகளுக்கு, இடது பம்பில். கந்தகம் கூடியது ஜெனரேட்டருக்கும் பழைய எஞ்சினுக்கும், வலது பம்பில்.

தம்பி புது வேன் வாங்கியபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா போனபின் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். “வேற எங்கயும் போடாதடா, நான் போட்டாதான் உன் வண்டி உருப்படும்” என்றாள்.

அந்த நேரம் பார்த்து முதலாளி தொட்டிகளைக் கழுவி, இரண்டு டீசலையும் பம்பு மாற்றி நிரப்பினார். பழைய லேபிள்களைச் சுரண்டியதோடு சரி. புதிது ஒட்ட அந்த மகராசனுக்குக் கை வரவில்லை. தன் படம் போட்ட பேனர் மட்டும் ஆளுயரத்துக்கு எழும்பியது. வேலையாட்களிடம் வாயால் சொன்னார். காய்ச்சலில் படுத்திருந்தவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அவள் திரும்பி வந்த அன்றே தம்பி வந்தான். லேபிள் இல்லாததைப் பார்த்தாள். முதலாளியைத் திட்டிக்கொண்டே, பழக்கத்தில் இடது குழாயை எடுத்து டேங்கை நிரப்பினாள்.

வேன் ஏற்றத்தில் இழுவையில்லாமல் நின்றது. கம்பெனிக்காரர்கள் டேங்கிலிருந்து டீசலை எடுத்துப் பார்த்து, தப்பான டீசல், வாரண்டி செல்லாது என்று கைவிரித்தார்கள். அவள் முதலாளியிடம் போய் நின்றாள்.

“லேபிள் ஒட்டாதது உங்க தப்புங்க.”

“வண்டி யாரோடது? உன் தம்பியோடது. ஊத்துன கை யாரோடது? அதைச் சொல்லு மொதல்ல.”

ஆனாலும் வேலையை விட முடியவில்லை. மறுநாளே லேபிள் ஒட்டினார்கள், குருடனுக்கும் தெரிகிற அளவில்.

தம்பி வேனை வந்த விலைக்குத் தள்ளிவிட்டான். இப்போது யாரோ ஒருவரின் வண்டியைக் கூலிக்கு ஓட்டுகிறான். அந்த ரோட்டில் வேறு பங்க் இல்லாததால் இங்கேதான் வருகிறான். முதல் தடவை வந்தபோது அவள் ஓடிப்போய்க் குழாயை எடுத்தாள். அவன் இறங்கி வந்து, மூடியில் இருந்ததையும் பம்பில் இருந்ததையும் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். பிறகு கையை நீட்டினான்.

“குடு. நானே போட்டுக்கறேன்.”

பேச ஆரம்பித்த வயதிலிருந்து ‘அக்கா’ என்று சொல்லாமல் அவன் அவளிடம் எதையும் கேட்டதில்லை.