மேனேஜ்மென்ட் என்று சொன்னேன்

என் மகள் இங்கிலாந்துக்கு நாடகம் படிக்கப் போனாள். திருக்காட்டுப்பள்ளியில் எல்லாரிடமும் அவள் மேனேஜ்மென்ட் படிப்பதாகச் சொன்னேன். வாய் தவறிச் சொன்னதல்ல. மாதா கோயில் வாசலில் பூசை முடிந்து நிற்கும்போதும், பஸ் ஸ்டாண்டிலும், கல்யாணப் பந்தியிலும் கேட்டவர்களுக்கெல்லாம் தெரிந்தே சொன்னேன். ஆங்கில நாடகங்களைப் பாடமாக நடத்தித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். அதையே என் பெண் தொழிலாகப் படிப்பது எனக்கு வெட்கமாக இருந்தது.

அது தெருவுக்கு ஒரு பிள்ளை அமெரிக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்க்கொண்டிருந்த காலம். கம்ப்யூட்டர், அது இல்லையென்றால் மேனேஜ்மென்ட். வேறு எதைச் சொன்னாலும் கேட்பவர் முகத்தில் அனுதாபம் வரும். எங்கள் கோயில் பங்கில் நாடகம் என்றாலே ஈஸ்டரை ஒட்டி, இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் பாஸ்காதான். அதில் மாதா வேடத்தைக்கூட மீசை மழித்த ஆண்தான் கட்டுவார். பள்ளியில் படிக்கும்போது என் மகள் அந்த வேடத்தைக் கேட்டாள். பங்குப் பேரவையில் இருந்த நானே வழக்கமில்லை என்று முடித்துவிட்டேன். அந்த வருடம் மாதாவாக அழுதவர் சைக்கிள் கடைக்காரர்.

கல்லூரி முடித்ததும் அவளாக விண்ணப்பித்து, அவளாக உதவித்தொகை வாங்கிக் கிளம்பிவிட்டாள். கடைசி வருடத்தில் தஞ்சாவூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை அமெரிக்காவில் சாஃப்ட்வேர். அவருடைய சித்தி என் மகள் இருந்த ஊரிலேயே குடியிருந்தார். பெண்ணை அவர் பார்த்துச் சொன்னால் போதும் என்றார்கள். பெண்ணின் அப்பா கூட இருப்பதுதான் முறை என்று நானும் விமானம் ஏற ஏற்பாடு செய்தேன்.

போனில் மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “வரட்டும்பா. நான் என்ன படிக்கிறேன்னு உங்க வாயால, என் எதிர்ல சொல்லிடுங்க. மேடைக்கு வெளிய என்னால நடிக்க முடியாது.”

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஓயாமல் தூறிக்கொண்டிருந்த ஊர் அது. வேறு சில மாணவர்களோடு ஒரு பழைய வீட்டில் இருந்தாள். தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுக் கீழே படுத்துக்கொண்டாள். காலையில் எழுந்ததும் தரையில் மல்லாந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருப்பாள். மறுபடி தூங்குகிறாள் என்று நினைத்து அதட்டினேன். “வேலை செய்றேம்பா” என்றாள், கண்ணைத் திறக்காமல். ஒருநாள் நான் ரசத்துக்கு மிளகாய் தாளிக்க, தீ எச்சரிக்கை மணி அடித்து, வீட்டுப் பிள்ளைகளும் நானுமாகத் தெருவில் மழையில் நின்றோம். வேட்டியைப் பிடித்துக்கொண்டு கரண்டியோடு நான் ஓடி வந்ததை அவள் அன்றைக்கே அவர்களுக்கு நடித்துக் காட்டிவிட்டாள். அந்தக் கரண்டி என் கையில் இருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஒத்திகைக்கு என்னையும் அழைத்துப் போனாள். வெறுங்காலோடு வேலை செய்வதால் மாணவர்களே முதலில் கூடத்தைத் துடைக்கிறார்கள். பலகை சுமக்கிறார்கள், ஆணி அடிக்கிறார்கள். வீட்டில் ஒரு வாளித் தண்ணீர் தூக்காத பெண், ஈர மாப்பைப் பிழிந்து மூலைவரை துடைத்தாள். பிறகு தன் பங்கை நடித்தாள். பேச்சே இல்லை. குனிந்து, நாற்று முடியைப் பிரித்து, நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். கையில் நாற்று கிடையாது, காலடியில் மரத்தரை. ஆனால் ஒவ்வொரு முறையும் அவள் கால் சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டுதான் வந்தது. சேறு எங்கே என்று நான் தரையைப் பார்த்தேன். எங்கள் வயலில் நடவு நடக்கும்போது வரப்பில் உட்கார்ந்து இவள் புத்தகம் படித்துக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தேன். அத்தனை வருடமும் இவள் இதைத்தான் பார்த்திருக்கிறாள்.

மாலையில் ஒரு உணவு விடுதியில் மேஜை துடைக்கும் வேலை. அங்கே ஒரு கிழவர் நாற்காலியில் எப்படி உட்கார்ந்தார், ஒரு பெண் கோபத்தை மறைத்துக்கொண்டு எப்படி முட்கரண்டியை வைத்தாள் என்று பஸ்ஸில் வரும்போது எனக்குச் செய்து காட்டுவாள். களைப்பு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இப்படிப் படிக்கிற ஒரு மாணவனை என் பள்ளியில் நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை மதியம் சித்தியும் அவர் கணவரும் கேக்கோடு வந்தார்கள். மகள் டீ போட்டுக் கொடுத்தாள். சித்திக்கு அவளைப் பிடித்துவிட்டது முகத்திலேயே தெரிந்தது.

“எம்.பி.ஏ. தானே சார்? எங்க பையன் கம்பெனியிலயே வேலை வாங்கிடலாம்” என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள்.

“ஆமாங்க, கடைசி வருஷம்” என்றேன்.

அவள் உடனே மறுக்கவில்லை. எனக்கு நேரம் கொடுத்தாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். நான் மேட்டூர் அணையைப் பற்றியும், குறுவை தள்ளிப்போவதைப் பற்றியும் பேசினேன். நான் சொல்லப் போவதில்லை என்று நிச்சயமான பிறகே வாயைத் திறந்தாள்.

“அப்பா தயங்குறாங்க ஆன்ட்டி. நான் படிக்கிறது நாடகம்.”

“ஹாபியாவா?”

“இல்ல ஆன்ட்டி, படிப்பே அதான்.”

“டிவியில வருவியாம்மா?” என்றார் கணவர்.

“கூப்பிட்டா போவேன் அங்கிள்.”

அவர்கள் மரியாதையாக டீயை முடித்துக்கொண்டு போனார்கள். பதில் வரவே இல்லை.

நான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் வந்து துடைத்து அடுக்கினாள். “பொய் சொன்னதுகூட பரவால்லப்பா. இவ்ளோ மோசமா நடிச்சீங்களே” என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு விடுதி வேலைக்குக் கிளம்பினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேறொரு நாடகத்தின் வசனத்தை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே மழையில் நடந்தாள். அப்படி ஒரு மதியத்துக்குப் பிறகு என்னால் ஒரு பாடம்கூட நடத்தியிருக்க முடியாது.

ஊருக்கு வந்த முதல் ஞாயிறு, கோயில் வாசலில் பேரவைத் தலைவர், பெண் மேனேஜ்மென்ட் முடித்துவிட்டாளா என்று கேட்டார். அவள் படிப்பது நாடகம், நான் இத்தனை நாள் சொன்னது பொய் என்றேன். சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். “விளையாடாதீங்க சார்” என்றார் அவர். மறுபடி சொன்னேன்.

அன்று மாலையே மகளைக் கூப்பிட்டு, சொல்லிவிட்டேன் என்றேன். யார் யார் இருந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று விவரமாகவே சொன்னேன்.

“நான் பக்கத்துல இல்லல்ல, நல்லா சொல்லியிருப்பீங்க” என்றாள்.

கேலியாகச் சொல்லவில்லை. பிறகு, சாப்பிட்டேனா என்று விசாரித்துவிட்டு, ஒத்திகைக்கு நேரமாகிறது என்று போனை வைத்தாள்.